பட்டியலில் இல்லாத மாமியார்

ஜனவரி 9

மாப்பிள்ளைக்கு,

நானும் பாய்லரும் என் முழங்கால் இரண்டும் இங்கே ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறோம். இதில் யார் முதலில் நிற்கப் போகிறோம் என்று பந்தயம் கட்டினால், நான் பாய்லர் மேல்தான் கட்டுவேன். உங்கள் உடம்பு எப்படி? மலைக்காற்றுக்கு அந்தப் பழைய இருமல் மறுபடி வந்து ஒட்டிக்கொண்டதா? மறைக்காமல் எழுதவும்.

போன கடிதத்தை 'மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு' என்று தொடங்கியிருந்தீர்கள். தபால்காரர் கடை மாறிப் போட்டுவிட்டார் என்று நினைத்து எதிர்க்கடை மருந்துக்காரியிடம் கொடுக்கப் போனேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மையார்னா உன்னைத்தான்டி" என்று சிரித்தாள். அன்றைக்கு முழுக்க அவள் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். இந்த அவமானத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். விவாகரத்து ஆனது உங்களுக்கும் என் மகளுக்கும். எனக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. ஜட்ஜ் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே தகராறு பண்ணியிருப்பேன். ஆகவே நான் மாமியார் உத்தியோகத்தில் இன்னும் நீடிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷக் கடைசியில் உங்கள் பட்டாள ஒப்பந்தம் முடிகிறது, மேற்கொண்டு ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று அக்டோபர் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை இங்கே வந்து போங்கள். மலையுச்சியில் லாரிக்கு வைத்தியம் பார்க்கிறவருக்கு ஒரு சலவைக் கடை பாய்லர் பெரிய விஷயமா? கடையில் பாதி உங்களுடையது என்று நான் எப்போதோ முடிவு பண்ணிவிட்டேன். வந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் திரும்பிப் போய் எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுங்கள்.

விமானக் கம்பெனி ஒன்று பெரிய பலகை வைத்திருக்கிறது: 'குடும்பத்தைக் காணச் செல்லும் படைவீரருக்குப் பாதிக் கட்டணம்'. சிரித்த முகமாய் ஒரு சிப்பாய், அவன் கையைப் பிடித்தபடி ஒரு குழந்தை. சிப்பாயின் சட்டை சரியாக இஸ்திரி போடப்படவில்லை. ஆனாலும் விஷயம் நல்லதுதானே?

கடைசியாக வந்தபோது சலவைக்குப் போட்ட நீலக்கட்டச் சட்டை இன்னும் ஸ்டாண்டில் தொங்குகிறது. மூன்று மாதத்துக்கு மேல் எடுக்காத துணிக்குக் கடை பொறுப்பில்லை என்று போர்டு எழுதி மாட்டியிருப்பவள் நானேதான். என் போர்டை நானே மதிப்பதில்லை.

தொண்டைக்கு வெந்நீர் குடிக்கவும்.

உங்கள்
மாமியார்


ஜனவரி 30

வணக்கம்.

நலமாக இருக்கிறேன். இருமல் இல்லை. உங்கள் முழங்காலுக்கு மருந்துக்கடை அம்மாவிடம் கேட்டு ஏதாவது தடவவும்.

ரயில் பாஸில் வந்தால் போக வரவே லீவு தீர்ந்துவிடும். விமானச் சலுகை பற்றி எங்கள் முகாமில் எல்லோருக்கும் தெரியும். கிடைத்தவரைத்தான் தெரியாது. எந்த நாளைப் போட்டாலும் 'சலுகை இருக்கை இல்லை' என்று வருகிறது. கிடைத்தால் பார்க்கலாம்.

பாய்லரில் அழுத்தமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் உடனே அணைக்கவும். தட்டிப் பார்க்க வேண்டாம். நீங்கள் தட்டுவீர்கள் என்று தெரியும்.

சட்டையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். டோக்கன் தொலைந்துவிட்டது.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்


பிப்ரவரி 18

மாப்பிள்ளைக்கு,

நலம். முழங்காலுக்கு மருந்துக்காரி கொடுத்த களிம்பைத் தடவியதில் கடை முழுக்க நாறுகிறது, வலி மட்டும் அசையவில்லை. நீங்கள் நலமா என்று இனிமேல் கேட்க மாட்டேன், எப்படியும் 'நலமாக இருக்கிறேன்' என்றுதான் எழுதப் போகிறீர்கள்.

முள்ளைத் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் எழுதியதை நம்பாமல் மருந்துக்காரியின் கம்ப்யூட்டரில் நாங்களே உட்கார்ந்து பார்த்தோம். 'படைவீரர்' என்ற கட்டத்தில் டிக் போட்டால் இருக்கை இல்லை. டிக்கை எடுத்தால் விமானம் முழுக்கக் காலி. அதே விமானம், அதே நாள். போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். ஜன்னலோரம், நடுவில், கக்கூஸ் பக்கம் என்று எங்கே பார்த்தாலும் இடம். பட்டாளத்துக்காரர் என்று சொன்னால் மட்டும் எல்லா நாற்காலியும் எழுந்து ஓடிவிடுகிறது. எதிரிகூட உங்களைக் கண்டு இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்றார்கள். பிறகு பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிவதற்குள் மூன்று கோட்டு இஸ்திரி போட்டேன். கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"மேடம், விடுமுறைக் காலத்துல இந்தச் சலுகை கிடையாது."

"விடுமுறை இல்லாத காலத்துல?"

"அப்ப உண்டு மேடம். சீட்டு இருந்தா."

"சீட்டு எப்ப இருக்கும்?"

"விடுமுறை இல்லாத காலத்துல மேடம்."

யாரும் ஊருக்குப் போக நினைக்காத நாளில், போகிறவர் இல்லாத நேரத்தில், மனமுவந்து கொடுக்கிறார்களாம். இதுபோல் நானும் எத்தனையோ பேருக்குத் தங்க வளையல் கொடுப்பேன்.

ஆனால் நான் விடுவதாக இல்லை. பலகை வைத்து அறிவித்தார்கள் அல்லவா? கொடுக்க வேண்டும். விமானக் கம்பெனி டிக்கெட் ஆபீஸ் ஆட்களின் யூனிஃபார்ம் எல்லாம் என் கடைக்குத்தான் வருகிறது. யார் சட்டையில் என்ன கறை என்று எனக்குத் தெரியும். மேனேஜருக்கு வாரம் ஒரு தடவை இடது கைப்பக்கம் மை கொட்டும். நேரில் போகப் போகிறேன்.

உங்கள் முகாம் சமையல்காரர் லீவில் ஊருக்கு வந்தவர் குளிர்கோட்டைச் சலவைக்குப் போட வந்தார். நாற்காலி போட்டேன், உட்கார்ந்து நிறையப் பேசினார். அதையெல்லாம் இங்கே எழுதவில்லை, கை வலிக்கிறது.

டோக்கன் இல்லாமல் துணியை யாருக்கும் கொடுப்பதில்லை. அது கடை விதி. இந்த விதியை மட்டும் மதிக்கிறேன்.

உங்கள்
மாமியார்


மார்ச் 11

கடைக்கார அம்மாவுக்கு,

நலம். உங்கள் நலம் களிம்பு வாசனையிலேயே இங்கே வரைக்கும் தெரிகிறது.

நேரில் போகச் சிரமப்பட வேண்டாம். இன்னொரு விதி இருக்கிறது. சலுகை டிக்கெட்டை மூன்று வாரம் முன்னால் வாங்க வேண்டும். எங்களுக்கு லீவு எழுதிக் கொடுப்பது கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது. இரண்டு விதியும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. பார்த்தால் வெட்கப்படும்.

ஆகவே இந்த வருஷம் ஆகாது.

முள்ளைத் தட்டியது தப்பு.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் பாய்லருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்திருக்கலாம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? சமையல்காரர் லீவிலிருந்து திரும்பிவிட்டார் என்பதால் கேட்கிறேன்.

டிக்கெட் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, தண்ணீர் விடாமலே பச்சையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் செடி, வரிசைக்குக் கயிறு. வரிசையில் நான் ஒருத்திதான். ஆனாலும் கயிற்றைச் சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். முழங்காலோடு நாலு வளைவு வளைந்து மேனேஜரிடம் போய்ச் சேர்ந்தேன். என் இஸ்திரியில் மனிதர் மாப்பிள்ளை போல இருந்தார். அதாவது வேறு யாருடைய மாப்பிள்ளை போலவோ.

மூன்று வார விதியைச் சொன்னேன். அவர் நல்லவிதமாகத்தான் பேசினார். டிக்கெட்டை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டு, லீவு வந்ததும் தேதியை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாமாம். இதை எங்கும் எழுதி வைக்கவில்லையாம். ஏன் என்றேன். எழுதி வைத்தால் எல்லோரும் கேட்பார்களாம்.

சரி, முடிந்தது என்று பையைத் திறந்தேன். அப்போதுதான் கேட்டார்.

"வீரர் யாரைப் பார்க்க வர்றார்?"

"என்னைத்தான்."

"நீங்க அவருக்கு?"

"மாமியார்."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "மாமியார் லிஸ்ட்ல இல்லம்மா. மனைவி, அப்பா, அம்மா, பிள்ளைங்க. இந்த நாலுதான். மனைவியைப் பார்க்கன்னு போட்டுடலாமே, உங்க பொண்ணு இங்கதான இருக்காங்க?"

"இருக்கா. அவளைப் பார்க்க வரலை."

பின்னால் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"புரியல" என்றார்.

"விவாகரத்து ஆயிடுச்சு."

"அப்ப நீங்க மாமியாரே இல்லையேம்மா."

மாப்பிள்ளை, இருபது வருஷமாக அழுக்குத் துணியோடு பழகுகிறேன். இப்படி ஒரு கறையை அன்றைக்குத்தான் பார்த்தேன். கயிற்றைச் சுற்றாமல் குனிந்து கயிற்றுக்கு அடியிலேயே வெளியே வந்தேன். அதுதான் என்னால் முடிந்த எதிர்ப்பு. முழங்கால் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் அவருடைய பேன்ட் சலவைக்கு வந்தது. முன்பக்கம் வைக்க வேண்டிய மடிப்பைப் பக்கவாட்டில் வைத்து, நீராவியை நன்றாக ஏற்றி, கத்தி மாதிரி இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொண்டு நடந்தால் நண்டு வருவது போல இருக்கும். பார்ப்போம்.

உங்கள்
மாமியார் (யார் என்ன சொன்னாலும்)


மே 24

பாய்லர் உரிமையாளருக்கு,

நலம்தானே? ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. தபால் வண்டி வரும் நாளில் சமையல்காரர் என் பெயரை மட்டும் கூப்பிடாமல் போகிறார்.

நண்டு என்ன ஆயிற்று என்று பட்டறையில் எல்லோரும் கேட்கிறார்கள். நான்தான் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

முள் எங்கே நிற்கிறது? முழங்கால்?

இப்படிக்கு,
பட்டறைக்காரன்


ஜூன் 15

மாப்பிள்ளைக்கு,

நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

போன மாதம் மகளுக்கு மறுபடி கல்யாணம் ஆயிற்று. பதிவு ஆபீசில்தான். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். பையன் அமைதியானவர், என் ஜோக்குக்கு ஒரு நொடி கழித்துச் சிரிக்கிறார். பழகிவிடும்.

அவள் மேல் எனக்குக் குறை இல்லை. உங்கள் மேலும் இல்லை. இரண்டு நல்ல துணியை ஒரே தண்ணீரில் போட்டால் சில சமயம் ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறிவிடுகிறது. இதில் துணியைத் திட்டி என்ன பயன்?

கடையை மூடிவிட்டுத் தங்களோடு வந்து இருக்கச் சொல்கிறார்கள். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்கவில்லை.

இதை எழுதத்தான் இத்தனை வாரம் ஆயிற்று. நண்டுக் கதை பிறகு.

மாமியார்


ஜூலை 6

வணக்கம்.

அவள் நன்றாக இருக்கட்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

நீங்களும் அவர்களோடு போய் இருப்பது நல்லது. முழங்காலுக்கும் நல்லது.

சலுகைக் கட்டணம் பற்றி இங்கே ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பாதி என்பது டிக்கெட்டின் அடிப்படை விலையில் மட்டும்தான். வரி, எரிபொருள், பெட்டி, நாற்காலி எல்லாம் தனி. எல்லாம் சேர்ந்தால் எல்லோருக்கும் கொடுக்கிற தள்ளுபடி டிக்கெட்டே மலிவு. ஆகவே அந்தக் கவுண்டருக்கு மறுபடி போய் நீங்கள் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம்.

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அதிகாரியிடம் இன்னும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்


ஆகஸ்ட் 4

மாப்பிள்ளைக்கு,

என் உடம்பைப் பார்த்துக்கொண்டேன். குண்டாக இருக்கிறது. உங்கள் உடம்பைப் பார்க்க வழியில்லாததால்தான் இவ்வளவு பாடு.

முதலில் நண்டு. மேனேஜர் ஒருநாள் பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். பேன்ட் போடாமல் இல்லை, வேறு போட்டிருந்தார்.

"என்னம்மா இது, ஒவ்வொரு தடவையும் மடிப்பு பக்கத்துலயே வருது? ஆபீஸ்ல என்னை ஒரு மாதிரி பார்க்கறாங்க."

"இது சலுகைச் சலவை சார். பாதி விலைதான் போட்டிருக்கேன், ரசீதைப் பாருங்க. நிபந்தனைக்கு உட்பட்டது. மடிப்பு முன்பக்கம் வேணும்னா மூணு வாரம் முன்னாடி சொல்லணும். விடுமுறைக் காலத்துல மடிப்பே கிடையாது."

"நான் சலுகை கேட்கவே இல்லையே?"

"எங்க மாப்பிள்ளையும் கேட்கலை. நீங்கதான் பலகை வச்சீங்க."

எதிர்க்கடையிலிருந்து மருந்துக்காரி தலையை நீட்டி, "பொத்தானுக்கு வரி தனி சார்" என்றாள். அவள் இப்படித்தான், என் ஜோக்கில் பங்கு கேட்பாள்.

மனிதர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். உட்கார்ந்துவிட்டார். நாற்காலியில் இருந்த துணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தாழ்ந்த குரலில், "ஒண்ணு பண்ணலாம்மா" என்றார். "வயசு பொருந்துது. அம்மான்னு போட்டுடறேன். யாரும் கேட்க மாட்டாங்க. நானே கையெழுத்துப் போட்டுடறேன். இன்னிக்கே டிக்கெட்."

மருந்துக்காரி கண்ணாலேயே 'சரின்னு சொல்லு' என்றாள். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசைதான். உங்கள் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"அந்தம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகுது சார். நல்ல மனுஷி. அவங்க நாற்காலியில நான் உட்கார மாட்டேன். எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்கு. அதுக்கு உங்க லிஸ்ட்ல இடம் இல்லைன்னா தப்பு லிஸ்ட்லதான். மாமியாரைப் பார்க்க வர்றார்னு போட்டுச் சலுகை குடுங்க. இல்லைன்னா அந்தப் பலகையில இருக்கிற சிப்பாயை இறக்கி வீட்டுக்கு அனுப்புங்க, பாவம் எத்தனை நாளா நிக்கிறான்."

அவர் போய்விட்டார். பேன்ட்டை விட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு அதை முன்பக்க மடிப்போடு, முழு விலைக்குத் தேய்த்து அனுப்பினேன். ஆள் நல்லவர்தான். பொய் சொல்லியாவது உதவ நினைத்தவருக்கு மடிப்பையாவது நேராக வைக்க வேண்டாமா?

இப்போது உங்கள் கதை. அதை நேராகவே எழுதுகிறேன்.

பிப்ரவரியில் சமையல்காரர் வந்தபோதே சொல்லிவிட்டார். நீங்கள் இரண்டு வருஷமாக லீவு கேட்கவே இல்லை. உங்கள் முறை வரும்போதெல்லாம் வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கிறீர்கள். அவர் அன்றைக்கு என் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்ததே உங்கள் லீவில்தான்.

தெரிந்துகொண்டே ஏன் போன் போட்டேன், ஏன் கயிற்றைச் சுற்றினேன் என்று கேட்பீர்கள். கறை படிந்த துணியைக் கொண்டுவருகிறவர்கள் யாரும் எடுத்ததும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சாயம் என்பார்கள், துரு என்பார்கள், வாங்கும்போதே இருந்தது என்பார்கள். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாய்ப் போட்டு அலசுவேன். எல்லாம் போன பிறகு எது மிச்சமிருக்கிறதோ அதுதான் கறை. நீங்கள் சொன்ன விதிகளையெல்லாம் அலசிப் பார்த்துவிட்டேன். சீட்டு இல்லை என்றீர்கள், மூன்று வாரம் என்றீர்கள், வரி என்றீர்கள். மலிவாக வேறு டிக்கெட் இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இனிமேல் விமானக் கம்பெனியின் பின்னால் ஒளிய இடமில்லை.

இப்போது சொல்லுங்கள். ஏன் வரவில்லை?

மாமியார்


செப்டம்பர் 13

வணக்கம்.

உங்கள் உடம்பு எப்படி? எனக்கு இருமல் இருக்கிறது. ஜனவரியிலிருந்தே இருக்கிறது.

உங்கள் கடிதத்துக்கு ஐந்து தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது, இதைக் கிழிக்கப் போவதில்லை, சமையல்காரர் பக்கத்திலேயே நிற்கிறார்.

அந்தச் சலுகைப் பக்கத்தை முகாம் கம்ப்யூட்டரில் நான் முதன்முதலில் திறந்தது போன வருஷம், நீங்கள் பலகையைப் பார்ப்பதற்கு முன்னால். அன்றைக்கு இருக்கை இருந்தது. ஜன்னலோரம். பெயர், படை எண் எல்லாம் போட்டேன். அடுத்து 'யாரைக் காண' என்று ஒரு கேள்வி. கீழே நாலு கட்டம். மனைவி, அப்பா, அம்மா, பிள்ளைகள். இருக்கிற நாலில் எனக்கு ஒன்றும் இல்லை. பின்னால் வரிசையில் பையன்கள் நின்றார்கள். 'இருக்கை இல்லையாம்' என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து அதையே எல்லோரிடமும் சொல்கிறேன். பிறகு பார்த்தால் உண்மையிலேயே இருக்கை இல்லாமல் போய்விட்டது. சௌகரியமாக இருந்தது.

நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் வரத்தான் நினைக்கிறேன். உங்கள் தெரு முனையில் பஸ் நின்று, நான் பெட்டியோடு இறங்குவது வரைக்கும் மனதில் வந்துவிடுகிறது. அதற்கப்புறம் வருவதில்லை. மருந்துக்கடை அம்மா, சைக்கிள் கடைக்காரர் எல்லோரும் பார்ப்பார்கள். 'இவன் ஏன் இங்க வர்றான்?' என்று ஒருத்தர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? நான் வந்து எந்த உறவில் உட்காருவது? அவளும் அந்தப் பக்கம் வந்து போவாளே?

அந்த மேனேஜர் அம்மா என்று போடுகிறேன் என்றபோது நீங்கள் மாட்டேன் என்று சொன்னதைப் பலமுறை படித்தேன். சரி என்று சொல்லியிருக்கலாம். பாதி விலை.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்


செப்டம்பர் 25

மாப்பிள்ளைக்கு,

இருமலுக்கு மருந்து தனியாக அனுப்பியிருக்கிறேன். எதிர்க்கடைக்காரி கொடுத்தது. தடவாமல் குடிக்கவும்.

எந்த உறவில் உட்காருவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாய்லர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கிறது, அதில் உட்காருங்கள். ஒரு கால் ஆடும், பார்த்து.

தெருவில் யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்கிறீர்கள். போன வாரமே சொல்லியாயிற்று. என் மாப்பிள்ளை வரப்போகிறார் என்று சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னேன். "அதான் போன மாசம்தான் வந்துட்டுப் போனாரே" என்றார். "அது என் மகளோட வீட்டுக்காரர். இது என் மாப்பிள்ளை" என்றேன். அவர் விரலை நீட்டி எண்ணிவிட்டு, "அப்ப ரெண்டா?" என்றார். "எனக்கு ரெண்டு முழங்கால் இருக்கு, ரெண்டு மாப்பிள்ளை இருக்கக் கூடாதா?" என்றேன். தெருவுக்கு இப்போது விஷயம் தெரியும். சிரித்துவிட்டார்கள், முடிந்தது.

மகளிடமும் சொன்னேன். "அவருக்கு இருமல் சரியாயிடுச்சாம்மா?" என்று கேட்டாள். அவள் கடைக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பாய்லருக்கு லீவு, உங்களுக்கும் லீவு.

கடையை மூடுவதில்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். ஆகவே நீங்கள் வராவிட்டாலும் கடை இருக்கும், முள்ளை நான் தட்டிக்கொண்டே இருப்பேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால், ஆமாம்.

மாமியார்


அக்டோபர் 17

அத்தைக்கு,

இதை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கேயே தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். நான் வந்து சேர்ந்து சில நாள் கழித்து வரும். வந்தால் என் எதிரில் படிக்க வேண்டாம்.

நலம். மருந்து கசப்பு. இருமல் பாதி போய்விட்டது. மீதிப் பாதி, வரி மாதிரி, நிற்கிறது.

லீவு கேட்டேன். எழுதிக் கொடுக்கும் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்து, "உனக்கா?" என்றார். பட்டறையில் கைதட்டினார்கள். கையெழுத்துக் காகிதத்தை அதிகாரி நீட்டினார். ஒரு பாய்லரைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். "யாரோட பாய்லர்?" என்றார். "பாதி என்னோடது சார்" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கிடைக்காது என்று தெரிந்தும் சலுகை டிக்கெட் கேட்கத்தான் கவுண்டருக்குப் போனேன். சின்ன விமான நிலையம், ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். படைவீரர் அட்டையைக் கொடுத்தேன். யாரைப் பார்க்க என்று கேட்டாள். மாமியாரை என்றேன். "மாமியார் லிஸ்ட்ல இல்ல சார்" என்றாள்.

"தெரியும். வேற மாதிரி போட வேண்டாம். முழு விலைக்கே குடுங்க."

டிக்கெட்டை அடித்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"என்ன சார்?"

"யாரைப் பார்க்கப் போறேன்னு இப்ப கேட்கலையே?"

"முழு விலைக்கு அதெல்லாம் கேட்கறதில்ல சார்."

"பரவாயில்ல, கேளுங்க."

பின்னால் நாலு பேர் நின்றார்கள், அத்தை. அந்தப் பெண் ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டாள், "யாரைப் பார்க்கப் போறீங்க சார்?"

"மாமியாரை" என்றேன்.

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். நீலக்கட்டச் சட்டையைத் தேய்த்து வைக்கவும். டோக்கன் என்னிடம்தான் இருக்கிறது, தொலையவில்லை.

உங்கள்
மாப்பிள்ளை